லேசருக்கு முன் ஆறு வாரம்

மூன்று வருடம் கடற்கரைச் சாலையில் அலுவலகப் பேருந்தில் போனவள் நான். ஒரு நாள்கூடக் காலையில் கடலைப் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. கல்பாக்கத்தில் ஏறினால் மாமல்லபுரம், திருவிடந்தை என்று வடக்கே போய், கோவளத்தில் திரும்பி நாவலூர் போய்ச் சேரும் பேருந்து அது. கோவளம் வரைக்கும் வலது பக்கம் கடல் கூடவே வரும். நானோ இடது பக்க இருக்கைக்கு அடித்துப் பிடித்து ஏறுவேன். அந்தப் பக்கம் சவுக்குத் தோப்பும், மனை போட்டு நட்ட கற்களும்தான். ஆனால் காலை வெயில் கடல் பக்கத்திலிருந்து பக்கவாட்டில் அடிக்கும். அது முகத்தில் பட்டால் என் மோவாயில் இருக்கிற முடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்.

ஆமாம், முடிதான். பூனைமுடி என்று சமாதானம் சொல்லிக்கொள்கிற வகை இல்லை. கறுத்து, தடித்து, சுருண்டு, காதடியிலிருந்து காதடி வரை. தினமும் விடிந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பிளக்கரால் பிடுங்குவேன். இருபது நிமிடம் ஆகும். அப்பா வெளியே தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடப்பார். எனக்கு இருபத்தைந்து வயது, கை நிறையச் சம்பளம், கணினியில் எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்கிற மூளை. அத்தனையும் இந்த மோவாய்க்கு முன்னால் செல்லாக்காசு.

இதை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னவர் எங்கள் குடியிருப்புக்குக் கூடையில் மீன் கொண்டுவரும் அம்மா. தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பதினாறு வயது. வாசலில் உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்தவர், தட்டு கொண்டுவந்த என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா, மோவாக்கட்டையில முடி மொளைச்சிகினு கீது. மஞ்சா பூசமாட்டியா?" என்றவர், அம்மா பக்கம் திரும்பி, "இதெல்லாம் வூட்டோட வர்றதும்மா, உனுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"மீனை வெட்டினோமா போனோமான்னு இரு," என்று அம்மா பேச்சை வெட்டினாள். அன்றைக்கு மீனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியவள், அடுத்த ஒரு மாதம் அவரிடம் மீனே வாங்கவில்லை. அப்பா கடையில் வாங்கிவந்த ஐஸ் மீனைப் புரட்டிப் பார்த்து, "இது செத்து எத்தனை நாளாச்சோ," என்று பெருமூச்சு விட்டபடி சாப்பிட்டார். மகளைச் சொன்னதற்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு அம்மா என் முகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கஸ்தூரி மஞ்சள், கடலைமாவு, குப்பைமேனி இலை. அரைத்து அரைத்துப் பூசி, காயவிட்டு, முடிக்கு எதிர்ப்பக்கமாகத் தேய்த்து எடுப்பாள். தோல் எரியும். முகம் முழுக்க மஞ்சள் ஏறி, வகுப்பில் எனக்கு மாரியாத்தா என்று பேர் வந்தது. முடி மட்டும் அசையவில்லை. சும்மா சொல்லக்கூடாது, என் முடி போல வைராக்கியம் எனக்கு இருந்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிரிக்கும்போது முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்வாள். வாயை என்றால் மூக்கிலிருந்து கழுத்து வரை. எங்கள் வீட்டில் இருக்கும் எந்தப் புகைப்படத்திலும் அம்மாவுக்குப் பாதி முகம்தான். கூச்ச சுபாவம் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

லேசர் பற்றிக் கேள்விப்பட்டது அலுவலகத்தில், சாப்பாட்டு மேசையில். இரண்டாயிரங்களின் நடுவில் சென்னையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அந்த மெஷின் வந்திருந்தது. அடையாற்றில் ஒரு பெண் மருத்துவர் செய்வதாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் யோசித்து, காதும் காதும் வைத்த மாதிரி நாள் குறித்து, ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "முகத்துல கரண்ட் வைக்கறதா?" என்றாள். முட்டுக்காட்டுப் பாலம் தாண்டும்போது கைக்கண்ணாடியை எடுத்து மோவாயை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

அந்த மருத்துவர் என் மோவாயைப் பிடித்து, விளக்கைத் திருப்பி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார்.

"முடி எங்கம்மா?"

"எடுத்துட்டேன் டாக்டர்."

"எப்போ?"

"இன்னிக்குக் காலையில."

வேலைக்கார அம்மா வருவதற்கு முன்னால் அவசரமாகப் பாத்திரத்தைக் கழுவி வைக்கிற வீடு எங்களுடையது. அழுக்குப் பாத்திரத்தைப் பார்த்தால் அந்த அம்மா என்ன நினைப்பாள் என்று பயம். அதே புத்திதான். முடியோடு போனால் டாக்டர் என்ன நினைப்பார் என்று விடியற்காலையில் எழுந்து, வழக்கமான இருபது நிமிடத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டுப் போயிருந்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "லேசர் முடியோட கறுப்பைப் பிடிச்சுக்கிட்டு, அது வழியா வேருக்குப் போகுது. அங்க போய்ச் சுடுது. நீங்க வேரோட பிடுங்கிட்டு வந்து படுத்தா நான் எதைம்மா சுடறது? ஆறு வாரம் கழிச்சு வாங்க."

அந்த ஆறு வாரத்துக்கு அவர் போட்ட நிபந்தனைகளைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிளக்கர் தொடக்கூடாது. நூல் கூடாது, வாக்ஸ் கூடாது, ப்ளீச் கூடாது. வெயிலில் அலையக்கூடாது, தோல் கறுத்திருந்தால் சூடு முடியை விட்டுவிட்டுத் தோலைப் பிடிக்கும். வருகிற அன்று மஞ்சள், பவுடர், க்ரீம் எதுவும் முகத்தில் இருக்கக்கூடாது. நடுவில் ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் இப்படி முளைப்பதற்கு உள்ளே ஒரு காரணம் இருக்கும். முடி வளர்ந்தால்?

"ஷேவ் பண்ணுங்க," என்றார், சாதாரணமாக.

"டாக்டர், அப்புறம் தாடியா வளர்ந்துடாதா?"

"வளராது. வெட்டின நுனி மொட்டையா இருக்கும், அதனால சொரசொரன்னு தெரியும். அவ்வளவுதான்."

இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். அவற்றுக்காக இன்றும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஒன்று, நம் மாநிறத்துக்கு எல்லா மெஷினும் ஒத்துவராது, தப்பான மெஷினில் தோலும் சேர்ந்து வெந்து தழும்பாகிவிடும். என்ன மெஷின், நம் நிறத்துக்குச் செய்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் எங்கேயும் படுக்க வேண்டும். இன்னொன்று, முடி அடியோடு ஒழிந்துவிடாது. குறையும், மெலியும். ஹார்மோன் கோளாறு இருப்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப எட்டிப் பார்க்கும். "ஒரேயடியா போயிடும்னு எழுதிக் குடுக்கறேன்னு யாராவது சொன்னா அங்க போகாதீங்க," என்றார்.

ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டிகள் என்று வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வியாதி என்று கேட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? நான் பட்டேன். என்னவோ செய்த பாவம் என்று ஒன்பது வருடம் நினைத்திருந்ததற்கு ஒரு பெயர் இருந்ததே.

முதல் சவரம் அப்பாவின் ரேசரில், அவருக்குத் தெரியாமல். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். ரத்தப் பொட்டோடு வெளியே வந்தவளைப் பார்த்து அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "பொம்பளை முகத்துல பிளேடு வைக்கலாமாடி? ஊர் என்ன சொல்லும்?" என்றாள். "ஊர் குளியலறைக்குள்ள வந்து பார்க்குமா?" என்று எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் காலை அப்பாவின் ரேசர் பக்கத்தில், பிரிக்காத உறையோடு புது ரேசர் ஒன்று இருந்தது. அப்பா ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பார்ப்பவர். எதையும் இரண்டு முறை அளந்துவிட்டு ஒரு வார்த்தை பேசுவார். இதில் அந்த ஒரு வார்த்தையும் இல்லை. எனக்கும் கேட்கும் தைரியம் இல்லை. உறையைப் பிரித்தேன், அவ்வளவுதான்.

ஆனால் சாயங்காலம் நான்கு மணிக்கெல்லாம் மோவாய் சொரசொரக்க ஆரம்பித்துவிடும். கூட்டங்களில் உள்ளங்கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஆழ்ந்து யோசிக்கிற பெண் என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்ததற்கு இந்தத் தாடியும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான்கு வாரம் இப்படி ஓட்டினேன். ஐந்தாவது வாரம் பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள்.

மாப்பிள்ளை செங்கல்பட்டு, வங்கியில் வேலை. திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கல்யாணமாகாதவர்கள் அந்தக் கோயிலில் மாலை சாத்தி, அர்ச்சகர் திருப்பித் தரும் மாலையைக் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்று சுற்றுவது வழக்கம். மாலையை வீட்டில் வைத்திருந்து, கல்யாணமானதும் இருவராக வந்து கோயிலில் சேர்க்க வேண்டும். என் மாலை இரண்டு வருடமாகப் பூஜை அலமாரியில் துணிப்பைக்குள் காய்ந்து சருகாகிக் கிடந்தது. அம்மா தினம் அதைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கேற்றுவாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அம்மா என் அறைக்கு வந்தாள். கையில் கைக்குட்டையில் சுற்றிய பிளக்கர். என்னுடையது இல்லை. பழையது, பிடியெல்லாம் தேய்ந்து பளபளத்தது.

"இது ஏதும்மா?"

"முள்ளு எடுக்கறது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பிடுங்கிக்கடி. காலை வெயில்ல நிக்கப்போற. பிளேடு போட்ட இடம் பச்சையாத் தெரியும்."

"பிடுங்கினா மறுபடி முதல்லேர்ந்து ஆறு வாரம். முப்பத்தி ஆறு நாளா பல்லைக் கடிச்சிட்டு இருந்திருக்கேன்."

"அவங்க பார்த்துட்டா?"

பிளக்கரை வாங்கிவிட்டேன் என்பதுதான் உண்மை. கண்ணாடி முன்னால் போய் நின்று, ஒரு முடியைப் பிடித்தும்விட்டேன். இழுக்கவில்லை. இன்றைக்குப் பிடுங்கினால் அவர்களுக்குப் பிடித்துப்போகும். அப்புறம் நிச்சயதார்த்தத்துக்குப் பிடுங்க வேண்டும், கல்யாணத்துக்குப் பிடுங்க வேண்டும், அடுத்த நாள் காலை ஒரு அந்நிய வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிடுங்க வேண்டும். ஆயுசுக்கும். பிளக்கரை அம்மா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ரேசரை எடுத்தேன். அம்மா அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கோயிலில் ஒன்பது சுற்றும் மறுபடி சுற்றவைத்தாள். புது மாலை, பட்டுப்புடவை, எட்டரை மணி வெயில். எத்தனை நாள் வெயிலுக்கு ஒளிந்தேனோ அதற்கெல்லாம் சேர்த்து மோவாயில் அடித்தது. சுற்றி முடித்ததும் இரண்டு குடும்பமும் கொஞ்சம் தள்ளிப்போய், எங்களைப் பேச விட்டார்கள். அவர் நல்ல உயரம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

"கேக்க ஒண்ணும் இல்ல. சொல்ல ஒண்ணு இருக்கு," என்றேன். "எனக்கு மோவாய்ல முடி வளரும். நீர்க்கட்டி இருக்கறதால. இன்னிக்குக் காலையில ஷேவ் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன். ட்ரீட்மென்ட் எடுக்கப்போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நானும் பண்ணிட்டுத்தான் வந்தேன்," என்றார்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் அப்படிச் சிரித்த முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். தூரத்திலிருந்து அம்மா கண்ணால் சைகை காட்டினாள், வாயை மூடு என்று.

நான்கு நாள் கழித்து அவர்கள் வீட்டில் வேண்டாம் என்றார்கள். ஜாதகம் என்று காரணம் சொன்னார்கள். அவர் வீட்டில் போய்ச் சொன்னாரா, இல்லை சிரித்தது பிடிக்கவில்லையா, தெரியாது. அரை நாள் அழுதேன். பிடிக்காமல் இல்லையே அவரை. அழுது முடித்து முகம் கழுவினபோதுதான் உறைத்தது, உலகத்தில் யாரிடம் சொல்லவே கூடாது என்று நினைத்தேனோ அப்படிப்பட்ட ஒரு ஆளிடமே சொல்லிவிட்டேன், ஒன்றும் ஆகிவிடவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "எப்படிடி சொன்ன?" என்று கேட்டாள். சொன்னேன். ராத்திரி சாப்பாடு போடும்போது மறுபடி, "அப்படியே முடின்னு சொன்னியா?" மறுநாள் காலை காபி ஆற்றும்போது மூன்றாம் தடவை, "அவர் முகத்தைச் சுளிக்கவே இல்லையா?" என்ன இது, சொன்னதையே கேட்டுக்கொண்டு என்று எனக்கு எரிச்சல்.

ஆறு வாரம் முடிந்த சனிக்கிழமை டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்து, "ம், இப்பதான் வேலை இருக்கு," என்றார். முதல் நாள் இரவே மழித்திருந்தேன், மஞ்சள் இல்லை, பவுடர் இல்லை. காதுக்குக் கீழே இரண்டு இடத்தில் சுட்டுப் பார்த்து, தோல் கொப்பளிக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் முழுக்கச் செய்தார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஜில்லென்று ஜெல். ஒவ்வொரு தடவையும் ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி சுள்ளென்றது. முடி கருகுகிற வாடை. மேலுதட்டுக்கு வந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் தானாகக் கொட்டியது. வலிதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பிளக்கரின் ஒன்பது வருடத்துக்கு முன்னால் இது எந்த மூலைக்கு?

இரண்டு வாரத்தில் முடி தானாக உதிர்ந்தது. தடவினால் கையோடு வந்தது. மறுபடி முளைத்தது, கொஞ்சம் மெலிந்து. மறுபடி போனேன். நான்காவது தடவைக்குப் பிறகு வாரம் ஒரு முறை மழித்தால் போதும் என்றானது. ஆறாவது முடிந்து, வெயில் க்ரீம் தடவிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொன்ன வாரம், பேருந்தில் வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்தேன். மாமல்லபுரம் தாண்டியதும் கடல் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவள் என் முகத்துக்கு நேராகத் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தாள். நான் கையை மோவாய்க்குக் கொண்டுபோகவில்லை.

எட்டாவது தடவை, கடைசி. துணைக்கு வருகிறேன் என்று அம்மா கிளம்பினாள். எல்லாம் முடிந்து நான் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, டாக்டரின் மேசைக்கு அருகே போய் நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்பத்தி மூணு வயசுல இதைப் பண்ணலாமா டாக்டர்?" என்றாள்.

"யாருக்கும்மா?"

அம்மா முந்தானையை விலக்கினாள்.

டாக்டர் விளக்கைத் திருப்பினார். மோவாயிலும் தாடைக்கு அடியிலும் பிடுங்கிப் பிடுங்கிக் குழி விழுந்த தோல். நடுவே நேற்றோ முந்தாநாளோ முளைத்தது, முழுக்க வெள்ளை. நான் ஐஸை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். மீன்காரம்மாவின் முடியாத வாக்கியம், பிடி தேய்ந்த பிளக்கர், மூன்று தடவை கேட்ட கேள்வி, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து அறைந்தது. அம்மா எனக்கு மஞ்சள் அரைத்துப் பூசிய கையைத்தான் நினைத்தேன்.

"வெள்ளை முடியை லேசர் பிடிக்காதும்மா," என்றார் டாக்டர் மெதுவாக. "கறுப்பு இருந்தாதான் பிடிக்கும். பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கணும்."

"பத்து வருஷம் முன்னாடி இது கிடையாதே டாக்டர்," என்றாள் அம்மா, ஏதோ அவர்தான் தவறு செய்துவிட்டதுபோல் சமாதானமாக. முந்தானையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள். திரும்பி வரும் பேருந்தில், முட்டுக்காடு தாண்டினபோது ஒன்றுதான் சொன்னாள். "அப்பாவுக்குத் தெரியக்கூடாதுடி. முப்பது வருஷமா தெரியாமப் பார்த்துக்கிட்டேன்."

மறுநாள் ஞாயிறு. எங்கள் வீட்டுப் பால்கனி கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக விழும் இடத்தில் நாற்காலியைப் போட்டு, அம்மாவைக் கூப்பிட்டேன். குளியலறை விளக்கில் வெள்ளை முடி கண்ணுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியக்கூடாதென்று முப்பது வருடம் இருட்டில் தடவித் தடவிப் பிடுங்கியிருக்கிறாள். என் ரேசரும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் எடுத்துவந்தேன். "அப்பா ஹால்ல பேப்பர் படிச்சிட்டு இருக்கார்டி," என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். மோவாயை நிமிர்த்தினேன். சோப்பு தடவினேன். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அப்போது அப்பா வந்தார். அம்மாவின் கை முந்தானைக்குப் பாய்ந்தது, சோப்பெல்லாம் புடவையில். அப்பா கையில் அவருடைய சவரக் கண்ணாடி இருந்தது. அதைப் பால்கனிச் சுவரில், வெயில் அவள் கண்ணில் படாத மாதிரி இரண்டு முறை சரிபார்த்து வைத்தார்.

"உங்களுக்கு... எப்பலேர்ந்து தெரியும்?" என்றாள் அம்மா.

"கல்யாணம் ஆன வாரத்துலேர்ந்து," என்றார். "நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

பேப்பர் படிக்க உள்ளே போய்விட்டார். அம்மா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் அதில் இருந்தது. ஆனால் சிரிப்புத்தான், தோள் குலுங்க, வாய் நிறைய. முந்தானை மடியில் கிடந்தது, எடுக்கவில்லை. "ஆடாதம்மா, வெட்டிடும்," என்று நான் அதட்டினேன்.